லயத்து வீட்டு பேட்டரியும் வேன் கூரை வெயிலும்

எங்கள் தோட்டத்தில் கரண்டு எஞ்சின் வீட்டிலிருந்துதான் வரும். இருட்டத் தொடங்கும்போது எஞ்சினை ஓட்டுவார்கள். இரவு பத்து மணிக்கு நிறுத்திவிடுவார்கள். அதற்கு மேல் எங்கள் வீட்டு வரிசையான லயமே இருட்டு. கோல சிலாங்கூர் பக்கம் புக்கிட் ரோத்தானிலிருந்து உள்ளே தள்ளியிருந்த தோட்டம் அது. நான் சொல்வது 1970களின் கடைசி. எஞ்சின் நின்ற பிறகும் வெளிச்சம் தெரிந்த வீடுகள் ஒன்றிரண்டு உண்டு. அதில் ஒன்று பெரியப்பா வீடு. மேசைக்கு அடியில் ஒரு கார் பேட்டரி இருக்கும். அதிலிருந்து சிவப்பும் கறுப்புமாக இரண்டு கம்பி மேலே ஏறி, பன்னிரண்டு அங்குலக் கறுப்பு வெள்ளை டிவிக்குப் போகும். ஆர்.டி.எம்.மில் தமிழ்ப்படம் போடும் நாளில் பாதி லயம் பெரியப்பா வீட்டு முன்வாசலில் உட்கார்ந்திருக்கும். பேட்டரி இறங்க இறங்க, படம் நான்கு பக்கமும் சுருங்கிக்கொண்டே வரும். கதாநாயகன் குள்ளமாகிவிட்டான் என்றால் பேட்டரி டவுனுக்குப் போக வேண்டும் என்று அர்த்தம். மறுநாள் காலை பெரியப்பா அதைச் சைக்கிள் கேரியரில் கட்டிச் சார்ஜ் ஏற்ற எடுத்துப்போவார்.

“ஒரு வருஷம்கூடத் தாங்க மாட்டேங்குதுய்யா. கடைக்காரன் பழசைத் தேய்ச்சுக் கொடுத்துட்டான்” என்று ஒவ்வொரு முறையும் சொல்வார்.

நாற்பது வருடம் கழித்து அதே வார்த்தையை நான் சொன்னேன். ஒரு பழைய வேன் வாங்கி, பின் இருக்கைகளைக் கழற்றி, பலகைக் கட்டில் போட்டு, சனிக்கிழமை இரவுகளில் செகிஞ்சான் கடற்கரையில் நானும் மனைவியும் தங்கத் தொடங்கியிருந்தோம். ஒரு கூலர் பெட்டி, ஒரு காற்றாடி, இரண்டு விளக்கு. வேனின் சொந்த பேட்டரியிலேயே இவற்றை ஓட்டினால் காலையில் வண்டி கிளம்பாது என்பது தெரியும். அதனால் இரண்டாவது பேட்டரி ஒன்று வைக்கலாம் என்று பட்டறைக்குப் போனேன். “அங்கிள், காடி பேட்டரியே இன்னொண்ணு போட்டுடலாம், அதுவும் பன்னிரண்டு வோல்ட்தானே” என்றார் அங்கே இருந்த தம்பி. போட்டோம். பதினோரு மாதத்தில் செத்துவிட்டது. அப்போதுதான் பெரியப்பாவின் பேட்டரிக்கு என்ன ஆனது என்று உட்கார்ந்து படித்தேன்.

கார் பேட்டரி ஓட்டப்பந்தயக்காரன் மாதிரி. எஞ்சினைக் கிளப்பும் சில நொடிகளுக்கு அது இருநூறு, முந்நூறு ஆம்பியரை ஒரே மூச்சில் கொடுக்க வேண்டும். அதற்காக உள்ளே ஈயத் தகடுகளை மெல்லியதாக, எண்ணிக்கையில் அதிகமாக, கடற்பஞ்சு போல் துளைகளோடு செய்கிறார்கள். பரப்பளவு கூடினால்தான் ஒரே நேரத்தில் அவ்வளவு மின்சாரம் வரும். அப்படிக் கொடுத்தாலும் மொத்த இருப்பில் அது இழப்பது நூற்றில் ஒன்றிரண்டு பங்குதான். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் ஆல்டர்னேட்டர் அதை உடனே நிரப்பிவிடும். நிறைந்தே இருப்பதற்காகப் பிறந்த பேட்டரி அது.

பெரியப்பா அதை நடைப்பயணத்துக்கு அனுப்பினார். அந்த டிவி ஏறக்குறைய ஒன்றரை ஆம்பியர் இழுத்திருக்கும். இரவுக்கு மூன்று மணி நேரம் என்றால் ஒரு வாரத்தில் 30 ஆம்பியர்-மணிக்கு மேல். பேட்டரியின் கொள்ளளவோ 50 ஆம்பியர்-மணி. அதாவது வாரந்தோறும் பாதிக்கு மேல் காலி. ஈய பேட்டரி காலியாகும்போது இரண்டு தகடுகளின் மேலும் ஈய சல்பேட் படிகிறது. சார்ஜ் ஏற்றினால் கரைந்து பழையபடி ஆகும். ஆனால் ஒவ்வொரு முறையும் தகட்டின் மேல்பூச்சு வீங்கி, சுருங்கி, துளித்துளியாக உதிர்ந்து பெட்டியின் அடியில் மண்டியாகச் சேர்கிறது. மெல்லிய தகட்டில் உதிர்வதற்கு என்ன மிச்சம் இருக்கும்? அதோடு, காலியான பேட்டரியைச் சில நாள் அப்படியே வைத்திருந்தால் அந்தச் சல்பேட் கல் போல் இறுகி, பிறகு எந்தச் சார்ஜுக்கும் கரையாது. கடைக்காரர் ஏமாற்றவில்லை, பெரியப்பா. நீங்கள் வாங்கியது வேறு வேலைக்குச் செய்த பெட்டி.

வேன், படகு, மின்வண்டி போன்றவற்றுக்கென்றே தடித்த தகடுகளோடு ஆழச்சுழற்சி பேட்டரிகள் உண்டு. அவற்றிலும் பாதிக்குக் கீழே இறக்காமல் வைத்திருந்தால்தான் ஆயுள். ஆக, 100 ஆம்பியர்-மணி என்று எழுதியிருக்கும் ஈய பேட்டரியில் நாம் நம்பி எடுக்கக்கூடியது 50தான். எடையோ முப்பது கிலோவுக்குப் பக்கத்தில் வரும்.

அடுத்தது சூடு. வேன் பயணம் பற்றிப் படிக்கக் கிடைப்பதெல்லாம் பெரும்பாலும் குளிர்நாட்டார் எழுதியது. பேட்டரி உறைந்துவிடாமல் காப்பது எப்படி, பனிக்காலத்தில் சூரியத்தகட்டை எவ்வளவு சாய்ப்பது என்று பக்கம் பக்கமாக இருக்கும். கோல சிலாங்கூர்க்காரனுக்கு அதில் ஒரு வரி உதவாது. நம் எதிரி வெப்பம். ஈய பேட்டரியின் ஆயுளை 25 டிகிரி செல்சியஸை வைத்துத்தான் குறிக்கிறார்கள். அதற்கு மேல் எட்டு முதல் பத்து டிகிரி கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகிறது. உள்ளே நடக்கும் ரசாயன அரிப்பு அவ்வளவு வேகமெடுக்கிறது. நம் ஊரில் நிழலிலேயே 33 டிகிரி. வெயிலில் பூட்டி நிறுத்திய வேனுக்குள் 50 டிகிரிக்கு மேல் போகும். எஞ்சின் பக்கத்தில் அதைவிடவும் அதிகம். ஐந்து வருடம் என்று அட்டையில் போட்ட பேட்டரி இரண்டு வருடத்தில் போய்விட்டால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

பேட்டரி வாங்கும் முன் ஒரு தாளை எடுத்து இரவுக் கணக்குப் போட வேண்டும். இதைச் செய்யாமல் கடைக்குப் போனவர்கள்தான் தேவைக்கு இரண்டு மடங்கு வாங்கியோ பாதி வாங்கியோ பணத்தை விட்டவர்கள். எங்கள் கணக்கைச் சொல்கிறேன். கம்ப்ரசர் வைத்த கூலர் பெட்டி ஓடும்போது 45 வாட் எடுக்கும். நம் சூட்டில் நாளில் பாதி நேரம் ஓடும். அது 540 வாட்-மணி. காற்றாடி 20 வாட், எட்டு மணி நேரத்துக்கு 160. விளக்குகளுக்கு 40, கைப்பேசிகளுக்கு 60. மொத்தம் 800. வேனிலேயே சோறு ஆக்க வேண்டும் என்றால் 500 வாட் சோற்றுச் சட்டி அரை மணி நேரம் ஓட, மாற்றியில் (இன்வெர்ட்டர்) போகும் சேதாரத்தையும் சேர்த்து, இன்னும் 280. ஆக நாளுக்கு 800-லிருந்து 1,100 வாட்-மணி. குளிர்சாதனம் வேண்டும் என்று சில நண்பர்கள் கேட்கிறார்கள். ஒரு குதிரைத்திறன் குளிர்சாதனம் இரவு முழுக்க ஓட 4,000 வாட்-மணியாவது தேவை. அதைத் திரும்ப நிரப்ப 1,200 வாட்டுக்கு மேல் சூரியத்தகடு வேண்டும். சாதாரண வேன் கூரையில் 400 வாட்டைப் பொருத்துவதே சிரமம். ஆகாத காரியம். நல்ல காற்றாடி, கொசுவலை, கடற்காற்று போதும்.

நான் சிபாரிசு செய்வது லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி. லித்தியம் என்றதும் கைப்பேசி தீப்பிடித்த செய்திகள் நினைவுக்கு வரும். லித்தியத்திலும் பல சாதி உண்டு, இது அதில் சாது. இதன் கதையில் ஒரு தமிழர் இருக்கிறார் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. தமிழ்நாட்டில் அமராபுரம் என்ற ஊரில் பிறந்து, மதுரையில் படித்து, சென்னை ஐ.ஐ.டி.யில் முனைவர் பட்டம் பெற்ற ஆறுமுகம் மந்திரம், 1980களில் ஜான் குட்இனஃப் என்ற விஞ்ஞானியோடு சேர்ந்து, பின்னர் அமெரிக்காவின் டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்தவர். அதுவரை லித்தியம் பேட்டரிக்குள் பெரும்பாலும் ஆக்சைடுகளைத்தான் வைத்துக்கொண்டிருந்தார்கள். சல்பேட் போன்ற கூட்டு அயனிகளை இரும்போடு சேர்த்து வைத்தால் மலிவான இரும்பிலேயே நல்ல வோல்ட் கிடைக்கிறது என்று இவர்கள் இருவரும் காட்டினார்கள். அந்த வழியில் போய் அதே ஆய்வுக்கூடத்தில் இருந்த அக்ஷய பாதி, நஞ்சுண்டசாமி ஆகியோர் குட்இனஃபுடன் 1997-ல் வெளியிட்டதுதான் இரும்பு பாஸ்பேட். குட்இனஃபுக்கு 2019-ல், 97 வயதில், வேதியியல் நோபல் பரிசு கிடைத்தபோது அவர் சார்பில் மேடையேறி நோபல் உரையை ஆற்றியவர் மந்திரம்.

பாஸ்பேட்டுக்குள் பாஸ்பரசும் ஆக்சிஜனும் இறுக்கமாகப் பிணைந்திருக்கின்றன. மற்ற லித்தியம் பேட்டரிகள் அளவுக்கு மீறிச் சூடானால் ஆக்சிஜனைக் கக்கும். தீக்கு அதுவே எண்ணெய். இதில் அந்த ஆக்சிஜன் லேசில் கழன்று வருவதில்லை. குடும்பத்தோடு பேட்டரிக்கு மேலேயே கட்டில் போட்டுப் படுக்கிற நமக்கு இந்த ஒரு காரணமே போதும். ஈய பேட்டரியோ சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயுவை விடும். காற்றோட்டம் இல்லாத வேனுக்குள் அதை வைப்பது ஆபத்து. மற்றக் கணக்குகளும் பாஸ்பேட்டுக்கே சாதகம். 100 ஆம்பியர்-மணி என்றால் 12.8 வோல்ட்டில் 1,280 வாட்-மணி. அதில் எண்பது, தொண்ணூறு சதவீதத்தைத் தாராளமாக எடுக்கலாம். எடை பன்னிரண்டு கிலோ வாக்கில். ஈயத்தில் சில நூறு சுழற்சிகள் என்றால் இதில் இரண்டாயிரத்துக்கு மேல். கையிலிருந்து போகும் வெள்ளி முதலில் அதிகம்தான். நான் ஈயத்துக்கு இரண்டு முறை கொடுத்ததைக் கூட்டிப் பார்த்தபோது எனக்குச் சந்தேகம் தீர்ந்தது.

ஆனால் இதையும் சூட்டிலிருந்து காக்க வேண்டும். 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் ஏற்றக் கூடாது என்றே பல தயாரிப்பாளர்கள் வரம்பு வைக்கிறார்கள். அதற்கு மேல் போனால் உள்ளே இருக்கும் காவல் மின்சுற்று தானாகவே இணைப்பைத் துண்டிக்கலாம். நடுப்பகல் வெயிலில் தகடு நன்றாக வேலை செய்துகொண்டிருக்கும்போது சார்ஜ் ஏறவில்லையே என்று திகைத்தவர்கள், பேட்டரி எவ்வளவு சூடாக இருக்கிறது என்று தொட்டுப் பாருங்கள். தரையோடு தாழ்வாக, இருக்கைக்கு அடியில், காற்றுப் போகும்படி வையுங்கள். எஞ்சின் பக்கம் வேண்டவே வேண்டாம். வேனை மாதக்கணக்கில் நிறுத்தப் போகிறீர்கள் என்றால் இதைப் பாதி நிரப்பி வைப்பது நல்லது. முழுதாக நிரப்பிய லித்தியம் சூட்டில் சீக்கிரம் மூப்படையும். ஈயத்துக்கு நேர் எதிரான பழக்கம், மனதில் பதிய நாளாகும். இன்னொரு வித்தியாசமும் உண்டு. பெரியப்பா படம் சுருங்குவதைப் பார்த்து இருப்பைச் சொன்னார், ஏனென்றால் ஈயத்தின் வோல்ட் படிப்படியாக இறங்கும். பாஸ்பேட் பேட்டரி பெரும்பகுதி நேரம் 13.2 வோல்ட் பக்கத்திலேயே நிற்கும், கடைசியில் பட்டென்று விழும். வோல்ட்டை வைத்து ஏமாறாமல், உள்ளே போகும் ஆம்பியரையும் வெளியே வரும் ஆம்பியரையும் எண்ணுகிற மீட்டர் ஒன்றைச் சேர்த்து வாங்குங்கள்.

இப்போது கூரைக்கு ஏறுவோம். கோல சிலாங்கூர் பூமத்திய ரேகைக்கு மூன்றேகால் டிகிரி வடக்கே இருக்கிறது. மார்ச் கடைசியிலும் செப்டம்பர் நடுவிலும் சூரியன் நம் உச்சந்தலைக்கு மேலேயே போகிறது. அதனால் தகட்டைக் கூரையோடு படுக்கையாக வைத்தாலே போதும். மழைநீர் வழிய மட்டும் கொஞ்சம் சரிவு கொடுங்கள். உச்சி வெயில் எப்போது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். 1982-ல் தீபகற்பத்தின் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளிவைத்தோம்; அதனால் நம் ஊரில் சூரியன் உச்சிக்கு வருவது பகல் ஒன்றேகால் மணி வாக்கில். மூன்று மணிக்கு மேல் உள்நாட்டிலிருந்து இடியும் மழையும் கிளம்பிவிட்டால் பாதி நாள் போச்சு. தென்மேற்குப் பருவக்காற்று மாதங்களில் சுமத்ரா பக்கமிருந்து விடியற்காலையில் புயல்மழை வரிசையாக வந்து நம் கரையில் அடிக்கும்; அன்றைக்குக் காலை வெயிலும் கிடையாது. மொத்தத்தில், மேகம், மழை எல்லாம் கழித்து, நாளுக்கு நாலரை மணி நேரம் முழு வெயிலுக்குச் சமமான வெளிச்சம் என்று வைத்துக்கொள்வதே பத்திரமான கணக்கு.

300 வாட் தகடு என்றால் 300-ஐ நாலரையால் பெருக்கி, அதில் 70 சதவீதத்தை மட்டும் எண்ணுங்கள்: 945 வாட்-மணி. எங்கள் இரவுக் கணக்குக்குச் சரியாக வருகிறது. மீதி முப்பது எங்கே போகிறது? ஏறக்குறைய பாதி மறுபடியும் சூட்டில்தான். தகட்டின் வாட்டை 25 டிகிரியில் அளந்து எழுதுகிறார்கள். வேன் கூரையில் அது 60, 65 டிகிரி வரை காயும். ஒவ்வொரு டிகிரிக்கும் 0.35 சதவீதம் போல் குறைந்தால், 65-ல் 14 சதவீதம் காணாமல் போகிறது. ஆகையால் கூரையில் அப்படியே ஒட்டுகிற வளையும் தகடுகளை நான் பரிந்துரைப்பதில்லை. கண்ணாடித் தகட்டை இரண்டு மூன்று விரற்கடை உயர்த்திப் பொருத்தி, அடியில் காற்று ஓட விடுங்கள். அந்த நிழலால் வேனுக்குள்ளும் சூடு தணியும். தகட்டுக்கும் பேட்டரிக்கும் நடுவே வைக்கும் கட்டுப்பாட்டுக் கருவியில் எம்.பி.பி.டி. வகையே நல்லது. 18 வோல்ட்டில் திறமையாக வேலை செய்யும் தகட்டை மலிவு வகைக் கருவி பேட்டரியின் 13 வோல்ட்டுக்கு இழுத்துப் பிடிக்கும், மிச்சம் வீண். எம்.பி.பி.டி. அந்த மிச்ச வோல்ட்டை ஆம்பியராக மாற்றித் தரும்.

எங்கே நிறுத்துகிறீர்கள் என்பதைப் பொறுத்தும் கணக்கு மாறும். தஞ்சோங் காராங்கிலிருந்து செகிஞ்சான் வரை வயல்வெளி. வானம் விரிந்து கிடக்கும், தகட்டுக்குக் கொண்டாட்டம். பெஸ்தாரி ஜெயா பக்கம் செம்பனைக் காட்டுக்குள் உறவினர் வீட்டுக்குப் போனால் கதை வேறு. மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டமே அங்கேதான் தொடங்கியது. 1917-ல் ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் தென்னமரம் தோட்டத்தில் நட்டார். தென்னைப் பெயர் கொண்ட தோட்டத்தில் பனை வந்தது. ஆளுயரத்துக்குப் பலமடங்கு வளர்ந்த மரத்தின் ஒரு மட்டை நிழல் விழுந்தாலே தகடு திணறும். உள்ளே இருக்கும் சில்லுகள் சங்கிலி போல் கோத்தவை. ஒன்றில் நிழல் விழுந்தால் முழு வரிசையும் அடைபடும். இரண்டு தகடுகளை வரிசையாகக் கோக்காமல் பக்கவாட்டில் இணைத்தால், ஒன்றின் நிழல் மற்றதை இழுக்காது. நிழல் நிறைந்த நம் தோட்டங்களுக்கு அதுதான் பொருத்தம்.

வெயிலை மட்டும் நம்பவும் வேண்டாம். ஓடுகிற எஞ்சினிலிருந்தும் எடுக்கலாம். ஆனால் பாஸ்பேட் பேட்டரியை நேரடியாக ஆல்டர்னேட்டரோடு கட்டினால் அது அளவில்லாமல் இழுத்து ஆல்டர்னேட்டரைச் சூடாக்கிக் கெடுத்துவிடும். நடுவில் டி.சி.-டி.சி. சார்ஜர் ஒன்று வைத்தால் 30 ஆம்பியருக்கு மேல் போகாமல் கட்டுப்படுத்தும். கோலாலம்பூரிலிருந்து லாத்தார் நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் ஓட்டி வந்தால் 390 வாட்-மணி ஏறிவிடும், பாதி இரவுக்குக் கிட்டத்தட்ட வந்துவிட்டது. மழை வாரங்களில் எங்களைக் காப்பாற்றுவது இதுதான்.

கம்பியில் கஞ்சத்தனம் கூடாது. 1,000 வாட் மாற்றி முழுசாக ஓடினால் பன்னிரண்டு வோல்ட்டில் 90 ஆம்பியர் ஓடும். மெல்லிய கம்பி அதில் அடுப்புக் கம்பியாகிவிடும். மாற்றியைப் பேட்டரிக்குப் பக்கத்திலேயே வைத்து, கம்பியைத் தடிமனாக, குட்டையாக இழுங்கள். பேட்டரியின் நேர்முனையிலிருந்து ஒரு சாணுக்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும். பாஸ்பேட் பேட்டரி குறுக்குச் சுற்றில் ஆயிரக்கணக்கான ஆம்பியரைக் கக்க வல்லது. சாதாரணக் கண்ணாடி ஃபியூஸ் அதைத் தடுக்காது. அதற்கென்றே செய்த டி வகை ஃபியூஸ் கேட்டு வாங்குங்கள். கடற்கரைக்குப் போகிற வண்டியென்றால் செம்பு முனைகளில் வெள்ளீயம் பூசியதைப் பாருங்கள், ஜெராம் உப்புக்காற்று ஒரு வருடத்தில் பச்சை பிடிக்க வைத்துவிடும். கூரையைத் துளைக்கும் முன் ஜே.பி.ஜே. (சாலைப் போக்குவரத்துத் துறை) அலுவலகத்தில் வண்டி மாற்றத்துக்கு என்ன அனுமதி வேண்டும் என்று கேட்டுவிடுங்கள்.

பெரியப்பாவின் தலைமுறைக்கு வெளிச்சம் ஒரு கொடுப்பினையாக இருந்தது. தோட்ட வீடுகளுக்குத் தண்ணீரும் மின்சாரமும் கட்டாயம் என்று சொல்லும் 1990ஆம் ஆண்டுச் சட்டம் வரும்போது அவருக்கு வயதாகிவிட்டது. இன்றைக்கு விளக்குக்கு ஆகும் மின்சாரம் அற்பம். அதனாலேயே சிலர் வேனைச் சுற்றிலும் வெள்ளை விளக்குகளை மாட்டி ஆற்றங்கரையையே பகலாக்குகிறார்கள். கம்போங் குவாந்தானில் சிலாங்கூர் ஆற்றோரத்துப் பெரெம்பாங் மரங்களில் மின்மினிகள் நொடிக்கு மூன்று முறை ஒன்றாகச் சேர்ந்து மினுக்குவதைப் பார்க்கத்தான் நாம் அங்கே போகிறோம். அந்த மினுக்கல் ஆண் பூச்சி பெண்ணைக் கூப்பிடும் குரல். நம் வெளிச்சம் விழுந்தால் அந்தக் குரல் பெண்ணுக்குக் கேட்காது. அதனால்தான் அங்கே சம்பான்காரர்கள் துடுப்பு போட்டே படகை நகர்த்துகிறார்கள், படமெடுக்கும் மின்னல் விளக்கும் கூடாது என்கிறார்கள். பேட்டரி நிறைய இருந்தாலும் ஆற்றுப் பக்கம் வேனை நிறுத்தும் இரவில் வெளிவிளக்கை அணைத்துவிடுங்கள். உள்ளே ஒரு மஞ்சள் விளக்கு, திரைச்சீலை இழுத்துவிட்டு, போதும்.